விருந்தும் விலையும்

பணம் கொடுத்தால் சோறு கிடைக்கும், மெத்தை கிடைக்கும், குளிரூட்டிய அறை கிடைக்கும். இன்முகம் கிடைக்குமா? கிடைக்கும் என்று சொல்லித்தான் உலகெங்கும் உயர்தரத் தங்கும் விடுதிகள் தம் கதவுகளைத் திறந்து வைத்திருக்கின்றன. அவற்றின் விளம்பரங்களில் அறையின் அகலத்தைக் காட்டிலும் ஊழியரின் புன்னகையே பெரிதாக அச்சிடப்படுகிறது. விலைச்சீட்டில் புன்னகைக்கென்று தனி வரி கிடையாது. ஆயினும், அதற்கும் சேர்த்தே பணம் கட்டியிருக்கிறோம் என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் இருக்கிறது. அந்த எண்ணம் முறையானதுதானா என்பதே இக்கட்டுரையின் வினா. ஏட்டைப் படித்து எழுந்த வினாவன்று இது; பினாங்கில் நான் தங்கிய இரண்டு இரவுகள் என்னிடம் விட்டுச் சென்ற வினா.

2024ஆம் ஆண்டுத் தைப்பூசம் சனவரித் திங்கள் 25ஆம் நாள் வந்தது. என் தமக்கையார் எழுபத்து நான்கு வயதினர். தண்ணீர்மலை முருகனுக்குப் பல்லாண்டுகளுக்கு முன் நேர்ந்துகொண்ட பால்குடம் ஒன்று நிறைவேறாமலே நின்றது. முழங்கால் வலி முற்றுவதற்குள் அந்தக் கடனைத் தீர்த்துவிட வேண்டும் என்றார். செய்தியறிந்த என் பழைய மாணவர் ஒருவர், இன்று மருத்துவராக இருப்பவர், “மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கிற வயசா சார் உங்களுக்கு?” என்று அன்போடு கடிந்துகொண்டு, ஜார்ஜ் டவுன் நகர நடுவில் உள்ள உயர்தர விடுதி ஒன்றில் இரண்டு இரவுகளுக்கு அறை எடுத்துக் கொடுத்தார். டத்தோ கிராமாட் சாலைக்கு அங்கிருந்து நடந்தே போகலாம்.

டத்தோ கிராமாட் சாலையைப் பற்றி ஒரு சொல். கிராமாட் என்னும் மலாய்ச் சொல், அருளாற்றல் உடையவரையும் அவர் அடங்கிய புனித இடத்தையும் குறிப்பது. அப்பெயர் தாங்கிய அச்சாலை, உழைப்பாளிகளின் சாலையாகவும் இருந்தது. ஈயத்தை உருக்கிய பெரிய ஆலை ஒன்று அங்கே நெடுங்காலம் இயங்கியது. இன்று அவ்விடத்தில் வணிக வளாகமும் அடுக்கு வீடுகளும் எழுந்துள்ளன. சாலை முடிந்து ஆயர் ஈத்தாம் பக்கம் திரும்பினால், துணி வெளுத்து வாழ்ந்த தமிழர்களின் குடியிருப்பு. தைப்பூசத்திற்கு முன்னாளில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வெள்ளி இரதம், பினாங்குத் தெருக் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டு, இச்சாலை வழியாகத்தான் தண்ணீர்மலை அடிவாரத்திற்குச் செல்கிறது. 1894ஆம் ஆண்டு முதல் ஓடிவரும் தேர் அது.

நாங்கள் 23ஆம் நாள் பிற்பகல் விடுதியை அடைந்தோம். பளிங்குத் தரை, தொங்கும் விளக்குகள், மலர்க் குவளைகள். முகப்பு மேசையில் நின்ற இளைஞர் எங்களை ஒருமுறை பார்த்தார். நான் வேட்டி அணிந்திருந்தேன். தமக்கையார் கையில் துணிப்பை ஒன்றும் பித்தளைக் குடம் ஒன்றும் இருந்தன. அறை எங்கள் பெயரில் இருப்பதை நம்பாதவர்போல் அடையாளக் கார்டை இருமுறை புரட்டிப் பார்த்தார், முன்பணம் கேட்டார், பக்கத்தில் நிற்கச் சொன்னார். எங்களுக்குப் பின் வந்த இரு குடும்பத்தார் சாவி பெற்று மேலே சென்றார்கள். தமக்கையார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டி தூக்கும் மலாய் இளைஞர் ஒருவர் யாரும் சொல்லாமலே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, “ஆண்டி, உட்காருங்கள்” என்று மலாயில் சொன்னார்.

அறை நன்றாகவே இருந்தது. சாளரத்தில் கொம்தார் கோபுரம் தெரிந்தது. ஆனால் குளியலறையில் வெந்நீர் வரவில்லை. தொலைபேசியில் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் இனிய குரலில் வருத்தம் தெரிவித்தார்கள், ஆள் வரவில்லை. மாலையில் மருத்துவர் எங்களைக் காண வந்தார். அவருடைய காரையும் உடையையும் கண்டதும், அதே முகப்பு இளைஞர் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார், குனிந்து வணங்கினார், எங்களுக்குப் பழச்சாறு வரவழைத்தார். எங்கள் அறை எண் அதுவேதான், கட்டணமும் அதுவேதான். முகம் மட்டும் வேறாக இருந்தது. வெந்நீரைப் பற்றி அவரிடம் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் பணிவு எனக்கு இனித்தது; அந்த இனிப்பைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

இரவு ஒன்பது மணிக்குமேல் கதவு தட்டப்பட்டது. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய அந்த மலாய் இளைஞர், பணியாளர் சமையற்கட்டிலிருந்து ஒரு குடுவையில் வெந்நீர் கொண்டு வந்திருந்தார். ஆண்டியின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க என்றார். அன்பளிப்பாகப் பணம் நீட்டினேன். வாங்காமல் போய்விட்டார்.

மறுநாட் காலையில் அறையைத் துப்புரவு செய்ய நடுத்தர வயதுத் தமிழ்ப் பெண்ணொருத்தி வந்தார். அவரைக் கண்டதும் இரவெல்லாம் அடக்கி வைத்திருந்த சினம் வெளிப்பட்டது. “மூன்று தடவை சொல்லியும் ஆள் வரவில்லை. இது ஓட்டலா, சத்திரமா?” என்று உரக்கக் கேட்டேன். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் பழகிய குரல் அது. “மன்னிச்சிக்குங்க ஐயா. நான் போயி சொல்றேன்” என்றார் அவர். தலை நிமிரவில்லை. படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு ஓசைப்படாமல் வெளியேறினார். அரைமணி நேரத்தில் ஆள் வந்தது, வெந்நீரும் வந்தது.

தமக்கையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “தம்பி, கீழ இருந்தவன்கிட்டப் பேச வேண்டியத இந்தப் புள்ளகிட்டப் பேசிட்டியே. அவன் நம்மளப் பார்த்த மாதிரிதானே நீ இவளப் பார்த்தே?”

இச்சொற்களுக்கு என்னிடம் விடையில்லை. இக்கட்டுரை முழுவதும் அவ்விடையைத் தேடும் முயற்சியே ஆகும்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். தொல்காப்பியர் புதிதாகப் புனையப்படும் நூலின் அழகையும் விருந்து என்றே குறித்தார். ஆகவே, தமிழில் விருந்தினர் என்பவர் உறவினர் அல்லர், புதிதாய் வந்தவர், முன்பின் அறியப்படாதவர். அறிந்தவரை உபசரிப்பது சுற்றம் தழுவுதல். அறியாதவரை உபசரிப்பதே விருந்தோம்பல். வேட்டி கட்டிய கிழவரும் குடம் ஏந்திய மூதாட்டியும் அந்த விடுதிக்குப் ‘புதியவர்’ என்றால், விருந்து என்னும் பெயருக்கு மிகுதியும் உரியவர்கள் அவர்களே.

வள்ளுவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முன்னது அன்புடைமை. பின்னது இனியவை கூறல். இந்த வரிசையே ஒரு பாடம். அன்பு அகத்தே பிறந்து, வந்தவரை ஏற்று, இன்சொல்லாய் வெளிப்படுகிறது. அவ்வதிகாரத்தை முடிக்கும் குறளில் மோந்தால் வாடும் அனிச்சத்தைக் காட்டி, விருந்தினரோ முகம் மாறிய ஒரு பார்வையிலேயே வாடிவிடுவர் என்று உணர்த்துகிறார். உணவின் சுவையை அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை, முகத்தையே கொண்டார். சிலப்பதிகாரத்தில், கொலைக்களக் காதையில், கணவனைப் பிரிந்திருந்த காலத்தில் தான் இழந்தவற்றைக் கூறும் கண்ணகி, நகையை இழந்ததாகக் கூறவில்லை. விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றை இழந்ததையே கூறுகிறாள். விருந்தோம்பல் பெறுவோர்க்கு மட்டும் அன்றிக் கொடுப்போர்க்கும் பேறாக இருந்த உலகம் அது.

ஆனால் விடுதி என்பது வீடன்று. அங்கே கொடுப்பவர் பேற்றுக்காகக் கொடுப்பதில்லை, பிழைப்புக்காகக் கொடுக்கிறார். வீட்டின் அறத்தை விடுதியில் எதிர்பார்ப்பது பொருந்துமா? பினாங்கின் வரலாறே இதற்கு விடை தருகிறது. 1885ஆம் ஆண்டில் ஆர்மேனியரான சர்கீஸ் உடன்பிறந்தார் இத்தீவில் தொடங்கிய விடுதியே இன்று ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் என்னும் பெயரோடு கடலோரத்தில் நிற்பது. அவர்களுள் அர்ஷாக் சர்கீஸ் தாராள மனத்தினர். இடருற்ற விருந்தினரின் கணக்கைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார் என்று கதைகள் வழங்குகின்றன. உலகப் பொருளாதாரம் சரிந்த காலத்தில், 1931இல், அந்நிறுவனம் கடனில் மூழ்கியது. சரிவுக்குக் காரணங்கள் பல. எனினும், கணக்குப் பாராத விருந்தோம்பலால் ஒரு தொழில் நிலைக்காது என்பது விளங்கும். எனவே விடுதி விலை கேட்பது குற்றமன்று. விலை கேட்பதால்தான், யாருடைய தயவும் இன்றி, ஊர் பேர் அறியாத ஒருவரும் பணத்தை வைத்துவிட்டு உரிமையோடு தங்க முடிகிறது. இது சிறிய நன்மையன்று.

இதன் அருமையை அறிய என் பாட்டனாரின் கதை போதும். அவர் ரஜூலாக் கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். பினாங்கு மண்ணில் அவர் தங்கிய முதல் இடம் ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாம். “யாரும் பேரு கேக்கல, தலைய எண்ணுனாங்க” என்று அவர் சொல்வதை நான் சிறுவனாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். அக்காலத்துப் பெரிய விடுதிகள் பெரிதும் ஐரோப்பியர்க்கென்றே நடந்தன. அவற்றின் முன்வாயிலில் என் பாட்டனாரைப் போன்ற ஒருவர் விருந்தினராய் நுழைந்திருக்க முடியாது. அவருடைய பேரன் இன்று அடையாளக் கார்டை நீட்டிச் சாவி கேட்கிறான். விலை திறந்துவிட்ட கதவு இது. ஆனால் கதவு திறந்த பிறகும், பார்க்கும் பார்வையில் பழைய கதவொன்று மூடியே கிடக்கக் கூடும். அதைத்தான் முகப்பு மேசையருகே நின்றபோது உணர்ந்தேன்.

மேலைநாட்டு மெய்யியலார் கான்ட் இங்கு நமக்குத் துணை வருவார். 1785இல் வெளியிட்ட அறநெறி நூலில், பொருள்களை விலையுடையவை என்றும் மாண்புடையவை என்றும் அவர் பிரித்தார். விலையுடைய ஒன்றின் இடத்தில் அதற்கு ஈடான வேறொன்றை வைக்கலாம். மாண்புடையதற்கு ஈடு இல்லை. மனிதன் மாண்புடையவன். 1795இல் எழுதிய மற்றொரு நூலில், அயலானைப் பகைவனாக நடத்தாமல் ஏற்பது கருணையால் செய்யும் செயலன்று, அவனுக்குரிய உரிமை என்றும் கூறினார். வள்ளுவர் விருந்தோம்பலை இல்வாழ்வானின் அறமாகக் கண்டார். கான்ட் வந்தவனின் உரிமையாகக் கண்டார். விடுதியோ அதை விற்பனைப் பொருளாகக் காண்கிறது. மூன்றும் ஒரே இடத்தில் கலந்து கிடப்பதால்தான் நம் குறைகளும் குழம்பிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

விடுதியில் நாம் பெறுவன மூன்று வகை. முதலாவது வசதி: அறை, மெத்தை, வெந்நீர். இது விலைக்கு உரியது. மிகுந்த விலை கொடுப்பவர்க்குப் பெரிய அறை கிடைப்பதில் அநீதி ஒன்றும் இல்லை. விலை கொடுத்தும் வெந்நீர் வராவிட்டால் அது குறை, கேட்டுப் பெறலாம். இரண்டாவது மதிப்பு: வந்த வரிசையில் கவனிக்கப்படுதல், ஐயுறும் கண்ணால் அளக்கப்படாமை, முதியவர் நிற்க நேராமை. இது விலையில் அடங்காது. பெரிய அறைக்காரருக்கும் சிறிய அறைக்காரருக்கும், அறையே எடுக்காமல் வழி கேட்க நுழைந்தவருக்கும் இது ஒரே அளவாக வேண்டும். இதில் ஏற்றத்தாழ்வு நேர்ந்தால் அதைச் சேவைக் குறை என்று சொல்லி அமைய முடியாது, அது அறக்குறை. மூன்றாவது அன்பு: இரவு ஒன்பது மணிக்கு வந்த வெந்நீர்க் குடுவை. இது கொடை. கிடைத்தால் நன்றியோடு கொள்ளலாம். கிடைக்கவில்லை என்று முறையிட யாருக்கும் உரிமையில்லை.

பணம் கொடுத்தோம் என்பதற்காக நாம் பெரும்பாலும் மூன்றாவதை எதிர்பார்க்கிறோம்; முதலாவதற்காகச் சண்டையிடுகிறோம்; இரண்டாவதைப் பற்றி, அது நமக்கே மறுக்கப்படும் வரை, எண்ணிப் பார்ப்பதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். இன்முகம் காட்டுவதற்குத்தானே ஊழியருக்குச் சம்பளம் என்று கேட்கலாம். அமெரிக்கச் சமூகவியலார் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் எழுதிய நூலில் விமானப் பணிப்பெண்களின் தொழிலை ஆராய்ந்தார். கையுழைப்பைப் போலவே உணர்ச்சியும் உழைப்பாக விற்கப்படுவதையும், நாள் முழுதும் வரவழைத்துக்கொண்ட புன்னகை தம் சொந்த உணர்ச்சியையே தமக்கு அயலாக்கிவிடக் கூடும் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். புன்னகையும் உழைப்பு என்றால் அதற்குரிய கூலி யாருக்குப் போகிறது? நம் நாட்டு விடுதிகள் பலவற்றில் சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து என்று விலைச்சீட்டில் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். அத்தொகையை ஒன்றாகத் திரட்டிப் புள்ளிக் கணக்கில் ஊழியருக்குப் பிரித்துக் கொடுப்பர். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தபின், சேவைக் கட்டணப் பங்கையும் சேர்த்துக்கொண்டு அச்சம்பளத்தை நிறைவு செய்துவிடலாமா என்னும் வழக்கு எழுந்தது. விடுதி ஊழியர் சங்கம் அதை எதிர்த்துப் போராடியது. அது ஊழியருக்கு உரிய பணம்; அதைக் கொண்டே முதலாளி தம் கடமையைத் தீர்த்துக்கொள்ள முடியாது என்ற கருத்தில் கூட்டரசு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. நான் அந்த விடுதியில் தங்கியபோது நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி ஆனது. என் வினாவின் மறுபக்கம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் கட்டிய கட்டணத்தில் எவ்வளவு அந்தத் துப்புரவுப் பெண்ணின் கைக்குச் சேரும் என்று எண்ணாமலே, முழுக் கட்டணத்திற்குமான சினத்தை அவரிடம் கொட்டியிருந்தேன்.

வெந்நீர்க் குழாயைப் பழுது பார்ப்பது அவர் வேலையன்று. எங்களை நிற்க வைத்தவரும் அவரல்லர். பின் ஏன் அவரிடம் சினந்தேன்? அவர் திருப்பிப் பேச மாட்டார் என்பது எனக்குத் தெரியும். முகப்பு இளைஞர் எங்களை அளந்தார். நான் அப்பெண்ணை அளந்தேன். அவர் உடையைக் கண்டு மதிப்பைக் குறைத்தார். நானும் சீருடையைக் கண்டு மதிப்பைக் குறைத்தேன். எளியவரிடம் உரத்துப் பேசி, வலியவர் வாங்கித் தந்த பழச்சாற்றைச் சிரித்த முகத்தோடு பருகினேன். ஏற்றத்தாழ்வான உபசரிப்பு என்று நான் யார்மீது குறை சொன்னேனோ அவருக்கும் எனக்கும் வேறுபாடு யாது? விருந்தளிப்போர்க்கு ஓர் அறம் உண்டென்றால் விருந்தினர்க்கும் ஓர் அறம் உண்டு. அதை நம் நூல்களில் நான் மாணவர்க்கு எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். அன்று காலையில் அது நினைவுக்கு வரவில்லை.

அன்று பிற்பகல் தேர் பார்க்க டத்தோ கிராமாட் சாலைக்குச் சென்றோம். சாலை நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். மோரும் பானகமும் சோறும் வருவோர்க்கெல்லாம் கொடுத்தார்கள். அடையாளக் கார்டு கேட்பாரில்லை, முன்பணம் கேட்பாரில்லை. தேங்காய் உடைக்க வந்த சீனக் குடும்பத்தாரும், பணியில் நின்ற மலாய்க் காவலரும், மேலைநாட்டுச் சுற்றுலாப் பயணிகளும் ஒரே வரிசையில் நின்று ஒரே குவளையில் வாங்கினார்கள். இதுவன்றோ விருந்து என்று என் உள்ளம் துள்ளியது.

ஆனால் தமக்கையார் அருகில் இருந்ததால் மேலும் எண்ணினேன். பந்தல் ஆண்டுக்கு ஒருமுறை எழுவது. கொடுப்பவர் விரும்பி வந்தவர்; களைத்தால் அடுத்தவரிடம் அகப்பையைக் கொடுத்துவிட்டு உட்காரலாம். முருகன் பெயரைச் சொன்னால் முகம் தானே மலரும். அந்தத் துப்புரவுப் பெண்ணோ நாள்தோறும் பல அறைகளின் கதவைத் தட்டி, உள்ளே யார் எந்த மனநிலையில் இருக்கிறார்கள் என்று அறியாமலே நுழைகிறார். நான் கத்தியதற்குப் பிறகும் எங்கள் குறையைக் கொண்டுபோய்ச் சொல்லி ஆளை வரவழைத்தவர் அவரே. பந்தலில் ஒருநாள் கொடுப்பது எளிது. ஆண்டு முழுதும், கூலிக்காக நிற்கும் இடத்திலும், கூலிக்குள் அடங்காத ஒன்றைச் சிறிது கொடுப்பது அரிது. அதை விடுதியிலும் சிலர் செய்கிறார்கள் என்பதால், விலைக்கு விற்கும் இடத்தில் அறமே இல்லை என்று கூறுவது பொருந்தாது.

25ஆம் நாள் விடியுமுன்னே எழுந்து தமக்கையாரின் பால்குடத்தைச் செலுத்தினோம். திரும்பி வந்து, அப்பெண்ணிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் புறப்படலாம் என்று மாடி முழுவதும் தேடினேன். வேறொருவர் அறைகளைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். “அவங்களுக்கு இன்னிக்கு லீவு ஐயா. தைப்பூசமில்ல” என்றார். அவர் பெயர் என்ன என்று கேட்க வாயெடுத்து நிறுத்தினேன். பெயரைக்கூடக் கேளாமல் திட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

விடுதி மேலாளருக்கு இரண்டு கடிதங்கள் எழுதி முகப்பில் கொடுத்தேன். ஒன்றில், எங்களை நிற்க வைத்ததையும் வெந்நீர் வராததையும் உள்ளபடி எழுதினேன். இன்னொன்றில், நாற்காலி கொண்டுவந்த இளைஞரையும், குறையைத் தீர்க்க உதவிய துப்புரவுப் பெண்ணையும் பாராட்டி எழுதினேன். குறையை மேலே சொல்ல வேண்டும். நன்றியைக் கீழே சேர்க்க வேண்டும். நான் செய்தது நேர்மாறாக இருந்தது. இயன்ற மட்டும் திருத்தினேன். ஆனால் மன்னிப்பைக் கடிதத்தில் எழுத முடியவில்லை. அது நேரில் தர வேண்டியது. அந்தக் கடன் இன்னும் நிற்கிறது.

தமிழாசிரியர்களாகிய நாம் விருந்தோம்பல் அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்துகிறோம். பொருளுரைத்து, இலக்கணக் குறிப்புக் கொடுத்து, தேர்வில் வினாவும் கேட்கிறோம். இனி அதை நடத்தும்போது மாணவரிடம் ஒரு வினாவைக் கூடுதலாகக் கேட்கலாம் என்று தோன்றுகிறது: நம் பள்ளிக் கழிவறையைத் துப்புரவு செய்பவரின் பெயர் என்ன? வகுப்பில் எத்தனை கைகள் உயரும் என்று எனக்குத் தெரியாது. மாணவர் கையை எண்ணுமுன், கேட்கும் ஆசிரியர் தமக்கு விடை தெரியுமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.